தொலைபேசி மணியை ஒலிக்கச் செய்தது எது? இணையத்தள அழைப்புகளைக் கணக்கிடுவதில் உள்ள சிக்கல்கள்

விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தில் பாதி வீணாகிறது, ஆனால் எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை என்ற பொருள்பட ஒரு கூற்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெரும் வணிக நிலையம் நடத்திய ஜோன் வனமேக்கர் அதனைக் கூறியதாக நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவர் உண்மையிலேயே அவ்வாறு கூறினாரா என்பது ஒருபுறமிருக்க, வர்த்தகர்களின் மனக்குறையை அது சரியாகவே எடுத்துரைக்கிறது. இணையம் பரவியபோது இந்தக் குறை அடியோடு நீங்கிவிட்டதாகப் பலரும் நம்பினர். 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கூகுள் நிறுவனம் தனது அட்வேர்ட்ஸ் விளம்பர முறையை ஆரம்பித்தது. 2005 ஆம் ஆண்டு நவம்பரில் அனலிட்டிக்ஸ் என்ற கணிப்புச் சேவையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. எந்தச் சொல்லைத் தேடியவர் எந்த விளம்பரத்தைச் சொடுக்கி, எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்கி, இறுதியில் எதனை வாங்கினார் என்பதெல்லாம் கணனித் திரையில் தெரியவந்தன.

ஆயினும் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. வாடிக்கையாளர் இணையத்தளத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுத்தால் கணக்கு அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

புத்தகமோ ஆடையோ விற்கும் நிறுவனத்துக்கு இது பெரிய இழப்பன்று. ஆனால், நள்ளிரவில் குழாய் உடைந்து சமையலறை முழுவதும் தண்ணீர் நிற்கும் வீட்டுக்காரர், இணையத்தளத்தில் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அவர் முதலில் கண்ணிற்படும் இலக்கத்தை அழுத்துவார். குழாய் திருத்துபவர், கூரை வேய்பவர், பல் வைத்தியர், விபத்து வழக்குகளைப் பேசும் சட்டத்தரணி, பூட்டுத் திறப்பவர் ஆகியோரின் தொழில் பெரும்பாலும் தொலைபேசி அழைப்புகளிலேயே தங்கியிருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய தொழில்களுக்கான தேடற் சொற்கள் விளம்பரச் சந்தையில் மிக உயர்ந்த விலைக்குப் போகின்றன. ஒரே ஒரு சொடுக்குக்குப் பல பத்து டொலர்களைக் கொடுக்கும் சிறு தொழில் முனைவோர், அந்தச் சொடுக்கு ஓர் அழைப்பாக மாறியதா என்பதை அறியாமல் மாதக்கணக்கில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்க முடியாது. அழைப்புகளின் மூலத்தைக் கண்டறியும் தொழில் அங்கு ஒரு தனித் துறையாகவே வளர்ந்தமைக்கு இதுவே காரணம்.

அந்தத் துறையின் அடிப்படை உத்தி இணையத்துக்கு முற்பட்டது. அமெரிக்காவில் மஞ்சள் பக்கங்கள் எனப்படும் வர்த்தகத் தொலைபேசி விபரக்கோவையின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குச் செல்கிறது. 1967 இல் ஏ.டி. அன்ட் டி. நிறுவனம், அழைப்பவர் கட்டணம் செலுத்தத் தேவையில்லாத 800 இலக்கச் சேவையை அறிமுகப்படுத்தியது. இவற்றைப் பயன்படுத்திய விளம்பரதாரர்கள் எளிய ஒரு தந்திரத்தைக் கைக்கொண்டனர். விபரக்கோவைக்கு ஓர் இலக்கம், பத்திரிகைக்கு இன்னோர் இலக்கம், தொலைக்காட்சிக்கு வேறோர் இலக்கம் என அச்சிடுவது. எல்லா இலக்கங்களுக்கும் வரும் அழைப்புகளை ஒரே காரியாலயத்துக்குத் திருப்பிவிடுவது. மாத இறுதியில் எந்த இலக்கத்துக்கு எத்தனை அழைப்புகள் வந்தன என்று எண்ணினால் எந்த விளம்பரம் வேலை செய்தது என்பது தெரிந்துவிடும். காகிதத்தில் அச்சான இலக்கத்தை மனிதர்கள் மட்டுமே வாசித்தனர் என்பதால் இந்த முறையினால் எவருக்கும் கேடு விளையவில்லை.

இணையத்தில் நிலைமை அவ்வாறன்று. அங்கு இலக்கத்தை மனிதருக்கு முன்னரே இயந்திரங்கள் வாசிக்கின்றன.

கூகுள் நிறுவனம் 2004 இல் உள்ளூர்த் தேடலையும் 2005 பெப்ரவரியில் வரைபடச் சேவையையும் ஆரம்பித்தபோது, ஒரு நகரில் உள்ள பல்லாயிரம் கடைகளையும் காரியாலயங்களையும் பற்றிய தகவல்களைப் பல்வேறு மூலங்களிலிருந்து திரட்டவேண்டியிருந்தது. விபரக்கோவைகள், தரவு விற்கும் நிறுவனங்கள், வர்த்தகர்களின் சொந்த இணையத்தளங்கள் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே கடை வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஓரிடத்தில் உரிமையாளரின் பெயருடன், இன்னோரிடத்தில் பெயர் சுருக்கப்பட்டு, மற்றோரிடத்தில் வீதியின் பெயர் பிழையாக. இவை யாவும் ஒரே கடையைத்தான் குறிக்கின்றன என்று இயந்திரம் எவ்வாறு முடிவு செய்யும்? பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுத்தான். இம்மூன்றிலும் மிகவும் தெளிவானது இலக்கமே. பெயரை நூறு விதமாக எழுதலாம். பத்து இலக்கங்களை ஒரே விதமாகத்தான் எழுத முடியும்.

இந்த இடத்தில்தான் பழைய தந்திரம் புதிய ஆபத்தாக மாறியது. ஒரு பல் வைத்தியர் தமது இணையத்தளத்தில் ஓர் இலக்கத்தையும், ஒரு விபரக்கோவையில் இரண்டாவது இலக்கத்தையும், வேறொன்றில் மூன்றாவது இலக்கத்தையும் கணக்கெடுப்புக்காக இட்டால், இயந்திரத்தின் பார்வையில் அந்த முகவரியில் மூன்று பல் வைத்தியசாலைகள் தோன்றக்கூடும். ஒரே இடத்துக்கு இரட்டைப் பதிவுகள் உண்டாகும். நோயாளர்கள் எழுதிய நற்கருத்துகள் அவற்றுக்கிடையே சிதறிப்போகும். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், முக்கியத்துவம் ஆகிய மூன்றையும் கொண்டே வரிசைப்படுத்துவதாகக் கூகுள் கூறுகிறது. சிதறிய பதிவுகளைக் கொண்ட நிறுவனம் இவற்றுள் முக்கியத்துவம் என்ற அளவுகோலில் பின்தள்ளப்படுவது எதிர்பார்க்கத்தக்கதே. அழைப்புகளை எண்ணப் போய் அழைப்புகளையே இழந்த கதையாக முடிந்துவிடும்.

இதைவிடக் கவலைக்குரிய இன்னொரு விளைவும் உண்டு. கணக்கெடுப்பு இலக்கங்கள் வாடகைக்குப் பெறப்படுபவை. மாத வாடகை நின்றால் இலக்கம் வழங்கியவரிடமே திரும்பிச் சென்று, சிறிது காலத்தின் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படும். அமெரிக்காவில் துண்டிக்கப்பட்ட இலக்கம் ஒன்று குறைந்தபட்சம் 45 நாட்கள் ஒதுக்கிவைக்கப்பட வேண்டும் என்பது விதி. அதற்கப்பால் அது எவரிடமும் போய்ச் சேரலாம். இவ்வாறு கைமாறும் இலக்கங்கள் பெரும் தொல்லையாகிவிட்டதனால், அவற்றைச் சரிபார்ப்பதற்கென்றே அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு 2021 நவம்பரில் ஒரு தரவுத்தளத்தைத் திறக்க நேர்ந்தது. விளம்பர முகவர் ஒருவர் தம் வாடிக்கையாளருக்காக வாடகைக்கு எடுத்த இலக்கத்தைப் பல விபரக்கோவைகளில் பரப்பிவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் கைவிட்டுவிட்டால் என்னவாகும்? விபரக்கோவைகள் ஒன்றையொன்று பார்த்துப் பிரதி செய்பவை. அந்த இலக்கம் ஆண்டுக்கணக்கில் அங்கு உலவிக்கொண்டிருக்கும். அதை அழைப்பவர் யாரோ ஒருவரின் வீட்டுத் தொலைபேசியை, அல்லது போட்டி நிறுவனம் ஒன்றின் தொலைபேசியையே கூட ஒலிக்கச் செய்வார்.

அவ்வாறெனின் அழைப்புகளை எண்ணாமலே விட்டுவிடுவதா? அப்படியன்று. இலக்கத்தை இணையம் எங்கும் பரப்பாமல், பார்வையாளரின் திரையில் மட்டும் மாற்றிக் காட்டும் முறையொன்று நடைமுறையில் உள்ளது.

இதன் செயற்பாட்டைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது. இணையத்தளத்தின் மூலப்பக்கத்தில் நிறுவனத்தின் உண்மையான, நிரந்தரமான இலக்கமே எழுதப்பட்டிருக்கும். பக்கம் பார்வையாளரின் கணனியில் அல்லது கையடக்கத் தொலைபேசியில் திறக்கும்போது, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட சிறு நிரலொன்று அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கும். கட்டண விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவரானால் அவர் வந்த இணைய முகவரியின் வாலில் ஓர் அடையாளக் குறி ஒட்டியிருக்கும். அதைக் கண்ட நிரல், திரையில் உள்ள இலக்கத்தை அகற்றிவிட்டு விளம்பரத்துக்கென ஒதுக்கிய இலக்கத்தை அந்த இடத்தில் வைக்கும். முகநூலிலிருந்து வந்தவருக்கு வேறோர் இலக்கம். நேரடியாக வந்தவருக்கு எந்த மாற்றமும் இல்லை. மூலப்பக்கத்தில் எழுதப்பட்டிருப்பது எப்போதும் ஒன்றே.

தேடுபொறியின் தானியங்கி இதனை எவ்வாறு பார்க்கும் என்பதே அடுத்த வினா. தானியங்கிகள் நிரல்களை இயக்குவதில்லை, வெறும் மூல எழுத்துகளை மட்டுமே வாசிக்கும் என்று ஒரு காலத்தில் கூறப்பட்டது. இப்போது அவ்வாறு கூற இயலாது. கூகுளின் தானியங்கி 2019 மே மாதம் முதல் குரோம் உலாவியின் அண்மைப் பதிப்பைக் கொண்டே பக்கங்களைத் திறந்து, நிரல்களையும் இயக்கிப் பார்க்கிறது. ஆகவே நிரல் என்ன செய்யும் என்பதை அது காணக்கூடும். ஆனால், தானியங்கி பொதுவாக வேறொரு பக்கத்திலிருந்து வந்ததற்கான தடயத்தைக் காட்டுவதில்லை; விளம்பர அடையாளக் குறியும் அதனிடம் இராது. நிரலின் கணக்கில் அது நேரடியாக வந்த பார்வையாளர். இதிலிருந்து ஒரு நடைமுறை விதி தானாகவே பிறக்கிறது. நேரடியாக வருவோருக்கு ஒருபோதும் இலக்கத்தை மாற்றக்கூடாது. எல்லோரையும் எண்ணிவிட வேண்டும் என்ற ஆசையில் நேரடிப் பார்வையாளருக்கும் தனி இலக்கம் காட்டுபவர்களே தானியங்கிக்கும் தவறான இலக்கத்தைக் காட்டிவிடுகிறார்கள்.

பார்வையாளருக்கு ஒன்றும் தேடுபொறிக்கு வேறொன்றும் காட்டுவது தண்டனைக்குரிய ஏமாற்றல்லவா என்ற அச்சம் சிலரிடம் உண்டு. கூகுளின் விதிகள் தடுப்பது, தேடல் வரிசையைத் திரிக்கும் நோக்கத்துடனும் பார்வையாளரைத் தவறாக வழிநடத்தும் நோக்கத்துடனும் வேறுபட்ட உள்ளடக்கத்தைக் காட்டுவதையே. ஒரே மேசையில் ஒலிக்கும் இரு இலக்கங்களில் ஒன்றைக் காட்டுவது அத்தகையது அன்று.

ஒவ்வொரு மூலத்துக்கும் ஓர் இலக்கம் என்பதோடு நில்லாது, ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஓர் இலக்கம் காட்டி, அவர் தேடிய சொல்லையே அறிய விரும்புவோரும் உளர். அதற்கு இலக்கங்களின் தொகுதி ஒன்று வேண்டும். உதாரணமாக, உச்ச வேளையில் மணித்தியாலத்துக்கு 200 பேர் விளம்பரத்தின் வழியாக வருகின்றனர், ஒவ்வொருவருக்கும் காட்டிய இலக்கம் 15 நிமிடங்கள் அவருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும் எனக் கொண்டால், ஒரே நேரத்தில் ஏறத்தாழ 50 இலக்கங்கள் தேவைப்படும். பத்து இலக்கங்களை மட்டும் வாடகைக்கு எடுத்தவரின் தொகுதி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒரே இலக்கம் ஒரே வேளையில் பலரது திரைகளில் தோன்றும். அதன் பின்னர் வரும் அறிக்கை துல்லியம் போன்ற தோற்றத்தை மட்டுமே கொண்டிருக்கும். மறுபுறம், இன்று திரையில் கண்ட இலக்கத்தைக் குறித்துவைத்து மூன்று நாட்கள் கழித்து அழைப்பவர்கள் ஏராளம். சிறு நிறுவனங்களுக்கு மூலத்துக்கு ஓர் இலக்கம் என்ற எளிய முறையே போதுமானது என்பது எமது அபிப்பிராயம். நாளொன்றுக்கு எட்டு அழைப்புகள் வரும் ஒரு கூரை வேய்பவருக்கு ஐம்பது இலக்கங்கள் எதற்கு?

செய்யுமிடத்தில் கவனிக்க வேண்டிய சில நுணுக்கங்கள் உள்ளன. 2011 இல் கூகுள், பிங், யாகூ ஆகிய தேடுபொறிகள் கூட்டாக அறிவித்த ஸ்கீமா என்ற குறியீட்டு முறையில், நிறுவனத்தின் பெயர், முகவரி, இலக்கம் ஆகியவற்றை இயந்திரங்கள் வாசிப்பதற்கென்றே பக்கத்துக்குள் எழுதிவைக்கலாம். அந்தப் பகுதியை நிரல் தொடவே கூடாது. இலக்கத்தைப் படமாக வரைந்து வைத்திருந்தால் நிரலால் மாற்ற முடியாது. தேடுபொறிக்கும் அதனால் பெரும் பயனில்லை. மாற்றிய பின்னர், திரையில் தெரியும் இலக்கமும் அழுத்தும்போது அழைக்கப்படும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இவை வேறுபட்டிருப்பது அடிக்கடி நேரும் பிழை. நிரல் மெதுவாக இயங்கினால் பார்வையாளரின் கண்முன்னே இலக்கம் மாறி, எழுத்துகள் இடம்பெயரும். 2021 முதல் பக்கத்தின் வேகமும் அதன் அசையாத் தன்மையும் தரவரிசையில் சிறிதளவு கணிக்கப்படுகின்றன என்பதனால், மாற்று இலக்கம் உண்மை இலக்கத்தின் அதே நீளத்தில் இருப்பதும், நிரல் பக்கத்தின் ஏனைய பகுதிகளைக் காக்க வைக்காமல் இருப்பதும் நல்லது.

இணையத்தளத்துக்கு வெளியே, கூகுள் வரைபடத்தில் காணப்படும் வர்த்தகப் பதிவே இன்று பலருக்கு அதிக அழைப்புகளைத் தருகிறது. அங்கு நிரல் எதனையும் ஓட்ட முடியாது. கூகுளின் வழிகாட்டல், இலக்கம் அந்தக் கிளையை நேரடியாக இணைப்பதாகவும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்கிறது; முதன்மை இலக்கத்துடன் மேலும் இரண்டு இலக்கங்களைச் சேர்க்கவும் இடமளிக்கிறது. இந்த வசதியைப் பயன்படுத்தி, கணக்கெடுப்பு இலக்கத்தை முதன்மையாகவும் உண்மை இலக்கத்தை மேலதிக இலக்கமாகவும் பதியும் வழக்கம் துறையினரிடையே பரவலாக உள்ளது. இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை என்று கூகுளுக்கு நாமே தெரிவித்துவிடுவதால் குழப்பத்துக்கு இடம் குறைவு. ஆனால், அந்த ஓர் இடத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏனைய விபரக்கோவைகள் அனைத்திலும் உண்மை இலக்கமே இருக்கட்டும். அந்தக் கணக்கெடுப்பு இலக்கமும், உள்ளூர்ப் பிரதேசக் குறியீட்டைக் கொண்டதாகவும் நீண்ட காலத்துக்குத் தம்மிடமே வைத்திருக்கக் கூடியதாகவும் இருப்பது அவசியம்.

கூகுளின் சொந்தக் கருவிகளில் மாத்திரம் தங்கியிருக்கலாமா என்று கேட்போர் உண்டு. 2014 இல் அந்நிறுவனம் தன் விளம்பரங்களைச் சொடுக்கி வருவோருக்கு மாற்று இலக்கம் காட்டும் வசதியை ஆரம்பித்தது. விளம்பரதாரர் வேறாக மாற்றாவிட்டால், 60 செக்கன்களுக்கு மேல் நீடித்த அழைப்பையே அது பயனுள்ள அழைப்பாகக் கொள்ளும். தவறான இலக்கத்தை அழைத்தவரை இது கழித்துவிடும் என்பது சரி. எனினும், 'நாளை காலை பத்து மணிக்கு வாருங்கள்' என்று முப்பது செக்கன்களில் முடிந்த நல்ல அழைப்பையும் சேர்த்தே கழித்துவிடும். அத்துடன் பெரிய நிறுவனங்கள் தரும் வசதிகள் அவற்றின் விருப்பத்தின்படியே நிற்கும், போகும். வர்த்தகப் பதிவுகளில் இருந்த அழைப்பு வரலாறு என்ற வசதியை 2024 ஜூலை 31 ஆம் திகதியுடன் கூகுள் மூடிவிட்டமை இதற்கு ஓர் உதாரணம்.

இலக்கச் சீர்மை பற்றிய அச்சம் சில வேளைகளில் மிகைப்படுத்தப்படுவதையும் குறிப்பிடத்தான் வேண்டும். டேவிட் மிம் என்பவர் 2008 இல் ஆரம்பித்து இன்றுவரை வேறொரு நிறுவனத்தால் தொடரப்படும், உள்ளூர்த் தேடல் நிபுணர்களிடம் கருத்துக் கேட்கும் ஆய்வில், விபரக்கோவைப் பதிவுகளுக்கு அளிக்கப்படும் முக்கியத்துவம் காலப்போக்கில் குறைந்தே வந்துள்ளது. கூகுளின் புரிந்துகொள்ளும் ஆற்றல் வளர்ந்திருக்கிறது. ஏதோ ஒரு மூலையில் பழைய இலக்கம் ஒன்று கிடப்பதனால் கடை மூழ்கிவிடாது. ஆனால் தவறான இலக்கத்தை அழைத்த வாடிக்கையாளர், தரவரிசை எவ்வாறிருந்தாலும், கைநழுவிப் போனவரே.

அழைப்புகளை எண்ணுவதுடன் நின்றுவிடாமல் அவற்றை ஒலிப்பதிவு செய்யும் சேவைகளும் இதே நிறுவனங்களால் விற்கப்படுகின்றன. அமெரிக்க மத்திய சட்டத்தின்படி பேசுவோரில் ஒருவரின் சம்மதம் போதுமானது. கலிபோர்னியா போன்ற மாநிலங்களிலோ இருதரப்பினதும் சம்மதம் வேண்டும். அம்மாநிலச் சட்டம் 1967 இலேயே இயற்றப்பட்டது. பல் வலியுடன் அழைப்பவர் தன் நோய் விபரத்தைக் கூறுகிறார். சட்டத்தரணியை அழைப்பவர் தன் வழக்கைக் கூறுகிறார். விளம்பரச் செலவைக் கணக்கிடுவதற்காக இவற்றை மூன்றாம் தரப்பு ஒன்றின் கணனியில் சேமித்துவைக்கும் நியாயம் எமக்குப் புலப்படவில்லை. அழைப்பு வந்த நேரம், நீடித்த காலம், வந்த வழி ஆகிய மூன்றும் கணக்குக்குப் போதும்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. அதன் பிரதான ஏற்பாடுகளை நடைமுறைப்படுத்துவது பின்தள்ளப்பட்ட போதிலும், அழைப்பவரின் இலக்கமும் குரலும் தனிப்பட்ட தரவுகளே என்பதை இங்குள்ள வர்த்தகர்களும் முகவர்களும் இப்போதே கருத்திற்கொள்ள வேண்டும். வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை எதிர்பார்த்து இணையத்தில் விளம்பரம் செய்யும் எமது விருந்தினர் விடுதிகளுக்கு இந்த விடயம் அந்நியமானதன்று. கையடக்கத் தொலைபேசி இலக்கத்தையும் வட்ஸ்அப் இலக்கத்தையும் காரியாலயத்தின் நிலையான இலக்கத்தையும் இடத்துக்கு இடம் மாற்றி எழுதிவைக்கும் வழக்கம் இங்கு தாராளமாக உண்டு. முகவர் எவரும் தலையிடாமலேயே தமது பதிவுகளைத் தாமே சிதறடித்துக்கொள்ளும் செயல் இது. கணக்கெடுப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், எந்த இலக்கம் நிறுவனத்தின் நிரந்தர இலக்கம் என்று தீர்மானித்து, அதையே எங்கும் ஒரே விதமாக எழுதுவது செலவில்லாத வேலை.

அதன் பின்னரே முகவருடன் பேச வேண்டும். வாடகை இலக்கம் யாருடைய பெயரில் பதிவாகும், ஒப்பந்தம் முடிந்தால் அதனைத் தம்முடன் எடுத்துச் செல்ல முடியுமா, முடியாதெனில் எத்தனை மாதங்களுக்கு அது வேறெவருக்கும் வழங்கப்படாமல் வைத்திருக்கப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெற்றுக்கொள்வது நல்லது. வாய்மொழியாக 'பிரச்சினை இல்லை' என்று கூறும் முகவரிடம் இலக்கம் எடுப்பதை விட, தொலைபேசிக்கு அருகில் ஒரு கொப்பியை வைத்து, அழைப்பவரிடம் எங்கே எமது இலக்கத்தைக் கண்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது பாதுகாப்பானது.